கூடுதலாக ஒரு வார்த்தை

ஏடிஎம் மெஷின் என்று எழுதக் கூடாது. ஏடிஎம் என்றாலே போதும். அதில் கடைசியாக நிற்கும் எழுத்து மெஷினைத்தான் குறிக்கிறது. பின் நம்பர் என்று எழுதக் கூடாது. பின்னுக்குள்ளேயே நம்பர் இருக்கிறது. எல்சிடி டிஸ்ப்ளே, ரேம் மெமரி, டிசி கரண்ட் எல்லாமே அந்த வகைதான். தஞ்சாவூரில் ஒரு மாடி அலுவலகத்தில் பல வருஷம் நான் பார்த்த வேலை இது. எங்கோ ஒரு நாட்டில் செய்கிற இயந்திரத்துக்கு வேறெங்கோ ஒரு நாட்டில் எழுதிய ஆங்கிலக் கையேடு எங்கள் கணினிக்கு வரும். அதில் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லியிருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து ஒன்றை அடிக்க வேண்டும். ரிட்டர்ன் பேக் என்றிருந்தால் பேக்கை எடுப்போம். ரிப்பீட் அகெய்ன் என்றிருந்தால் அகெய்னை எடுப்போம்.

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு முதலில் தெரியாது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். கல்யாணமாகி, அந்த வருஷத்து நோன்பு வருவதற்குள் என் கணவரும் துபாய்க்குப் போய்விட்டார். அங்கே டிவி, ரேடியோ, கால்குலேட்டர் விற்கிற ஒரு கடையில் சேல்ஸ்மேன். அதற்கு முன்பு மன்னார்குடியில் அவருடைய மாமா வைத்திருந்த ரேடியோ கடையில் நின்றவர். பேச்சுதான் அவர் தொழில். கடைக்குள் வேடிக்கை பார்க்க வந்தவரைக்கூடப் பேசியே பெட்டியோடு வெளியே அனுப்பிவிடுவார் என்று சொல்வார்கள்.

அவரோடு நான் வாழ்ந்த வாழ்க்கையில், லீவில் அவர் வந்து போன நாட்களைத் தவிர, பெரும்பகுதி தொலைபேசியில் நடந்தது. பள்ளிவாசல் தெரு முனையில் ஒரு ஐஎஸ்டி பூத் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் கூப்பிடுவார். நானும் மாமியாரும் முன்னாடியே போய் உட்கார்ந்திருப்போம். லைனில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நான் ஒன்றைச் சொன்னால் அது அவரை அடைவதற்குள் அவர் வேறொன்றை ஆரம்பித்திருப்பார். இரண்டும் நடுவழியில் மோதி இரண்டுமே கேட்காமல் போகும். அதனால் எதையும் இரண்டு தடவை சொல்லப் பழகிக்கொண்டோம்.

“நல்லா இருக்கேன்மா. நல்லாத்தான் இருக்கேன்.”

“பாப்பாவுக்கு காய்ச்சல் விட்டுடுச்சு மச்சான். இப்ப காய்ச்சல் இல்ல.”

பிறகு செல்போன் வந்தது, குரலும் தெளிவாகக் கேட்டது. ஆனால் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எனக்குப் பகல் முழுக்க வேலையில்லை. கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்திருந்தேன். தஞ்சாவூரில் புதிதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது, இங்கிலீஷ் படித்த பெண்களை எடுக்கிறார்கள் என்று என்னோடு படித்தவள் ஒருத்தி சொன்னாள். மாமியார் சம்மதிக்க மாட்டார் என்று நினைத்துத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

“இத்தனை படிச்சுப்புட்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. போய்ட்டு வாம்மா. புள்ளைய நான் பாத்துக்குறேன்” என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் என் டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துக் கழுவி வைத்ததும் அவரேதான்.

எங்கள் மேலாளர் திருக்கடையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். சென்னையில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அதிகம் பேச மாட்டார். சேர்ந்த அன்று என் முன்னால் ஒரு பக்கத்தை வைத்து, “மேடம், ஒரு வார்த்தைக்கு ஒரு வேலை. வேலை இல்லாத வார்த்தை நிக்கக் கூடாது” என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கவும் தேவைப்படவில்லை.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒரு வார்த்தையை எடுத்ததும் வாக்கியம் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க நன்றாக இருக்கும். வடுவூர் வழியாகப் பஸ்ஸில் வீடு திரும்பும்போதுகூடக் கடைப் பலகைகளிலிருந்து மனசுக்குள் வார்த்தைகளை அடித்துக்கொண்டே வருவேன். அது வீட்டிலும் தொற்றிக்கொண்டது. நாம் பேசுகிற தமிழில் இதற்குப் பஞ்சமா? நடு சென்டர், கேட்டு வாசல், சைடு பக்கம். யாராவது அப்படிச் சொன்னால் மகள் உடனே கையைத் தூக்குவாள். “டபுள்! டபுள்!” என்று கத்துவாள். மாமியார்தான் அதிகம் மாட்டுவார்.

ஒருநாள் இதைக் கணவரிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார்.

“எங்க கடைக்கு வந்து அப்படிப் பேசுனீங்கன்னா யாவாரமே ஆவாதும்மா. எல்சிடின்னு சொன்னா ஒருத்தனுக்கும் புரியாது. எல்சிடி டிஸ்ப்ளேன்னு சொன்னாதான், ஓ, படம் தெரியிற எடமான்னு கேப்பான். வெறும் வாரண்டின்னா யோசிப்பான். ஒன் இயர் கேரண்டி வாரண்டின்னு சொல்லணும். அப்பதான் பெட்டிய கட்டச் சொல்லுவான்.”

“கேரண்டி வேற, வாரண்டி வேற மச்சான்.”

“அது ஒங்க கம்பெனில. எங்க கடைல அது ரெண்டும் அண்ணந்தம்பி.”

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் என் செல்போன் அடித்தது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நாகூர்க்காரர் பேசினார். அவர் அதற்கு முன்பு என்னிடம் பேசியதே இல்லை.

“தங்கச்சி, பதறாதீங்க. பாய்க்குக் கொஞ்சம் முடியல. ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். உயிருக்கு ஒண்ணும் இல்ல. உசுரோட இருக்காரு.”

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன்.

“உசுரோட இருக்காரு தங்கச்சி. உயிருக்கு ஒண்ணும் இல்ல.”

கடையில் ஒரு பெட்டியை எடுத்து வைக்கும்போது விழுந்திருக்கிறார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. நான் எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. பையை எடுத்தது ஞாபகம் இல்லை. மேலாளர் என்னோடு மாடிப்படி இறங்கி வந்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “போங்க மேடம்” என்று மட்டும் சொன்னார். பஸ் கிளம்பும் வரை அங்கேயே நின்றார்.

அங்கே அவரைத் தேற்றி அனுப்பச் சில வாரங்கள் ஆயின. திருச்சி விமான நிலையத்துக்கு நானும் மாமியாரும் மகளும் போயிருந்தோம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. சட்டைப் பொத்தானை வேறு யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள். ஒன்று மாறி மாட்டியிருந்தது. அதைக் கழற்றிச் சரியாகப் போட வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மாமியார் முன்னால் போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, என்னயத் தெரியுதாப்பா?”

அவர் தன் அம்மாவையே பார்த்தார். உதடு கோணியது. எதையோ உள்ளேயிருந்து இழுத்து வருகிறார் என்பது தெரிந்தது. பிறகு சொன்னார்.

“ஒன் இயர்… ஒன் இயர் கேரண்டி வாரண்டி.”

பக்கத்தில் பெட்டி தள்ளிக்கொண்டு நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார், பாவம். என் கணவர் தான் சொன்னதைத் தானே கேட்டார். சொல்ல வந்தது அதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது; அது எங்களுக்கும் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாயை மூடிக்கொண்டார். வீடு வந்து சேரும் வரை காரில் அதைத் திறக்கவே இல்லை. வழியெல்லாம் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. மகள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதில் உணர்ச்சி குறைவு என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, பதில் வார்த்தைதான் வரவில்லை என்று டாக்டர் சொன்னார். இத்தனை வருஷம் குரலாக மட்டும் வீட்டில் இருந்தவர், ஆளாக வந்தபோது குரல் இல்லாமல் வந்தார். கூடத்தில் ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டோம். தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்தவர்கள் சத்தமாகப் பேசினார்கள், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல. அவர் தலையை ஆட்டுவார். அவர்கள் போன பிறகு என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

வாரம் ஒருமுறை தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். பயிற்சி கொடுத்தவர் கும்பகோணத்துப் பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். முதல் நாள் நான் என் கணவரிடம் பேசுவதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். நான் சுருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். சிரமப்படுகிறாரே, குறைவாகச் சொன்னால் சுலபமாக இருக்கும் என்பது என் எண்ணம். “தண்ணி?” “சாப்பாடு?” “படுக்கணுமா?” இப்படித்தான்.

“அக்கா, அப்படிக் கேக்காதீங்க” என்றார் அந்தப் பெண். “வார்த்தை எல்லாம் அவர்ட்டதான் இருக்கு. எடுத்து வெளிய குடுக்கத்தான் முடியல. நீங்க ஒரே வார்த்தைய ஒத்தையா நீட்டுனீங்கன்னா அது நழுவிடும். தண்ணி, குடிக்கிற தண்ணி, டம்ளர்ல தண்ணின்னு சொல்லுங்க. ஒண்ணு தவறுனா இன்னொண்ணு மாட்டும். கேட்டுட்டு அவசரப்படாம இருங்க. அவருக்குப் பதிலா நீங்க சொல்லிடாதீங்க.”

அவருக்குப் பதிலாகச் சொல்லாமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். வாய் வரைக்கும் வந்து நிற்கும் வார்த்தையை அவர் தேடிக்கொண்டிருப்பார். எனக்கு அது தெரியும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. மாமியார் அந்த நேரங்களில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

மெல்ல மெல்லச் சில வார்த்தைகள் திரும்பின. அவை வந்த விதம்தான் எங்களுக்கு ஆச்சரியம். தனியாக எதுவும் வரவில்லை; ஜோடி ஜோடியாக வந்தன. கடையில் வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் முதலில் வந்தன. ரிமோட் கண்ட்ரோல். கலர் டிவி. எல்சிடி டிஸ்ப்ளே. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று பின்னாலேயே வந்துவிடும். அந்த வழியிலேயே வீட்டு வார்த்தைகளும் வரத் தொடங்கின. காபி குடி. கதவு சாத்து. ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, “வாம்மா… வா… உக்காரும்மா” என்றார். நான் உட்கார்ந்தேன். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வரவில்லை. நான் பஸ்ஸை விட்டுவிட்டு அன்றைக்கு லீவு போட்டேன்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் அது நடந்தது. மகள் டியூஷன் முடிந்து நேரம் கழித்து வந்தாள். கடைத்தெருவில் ஒரு வேலை இருந்தது என்றாள். அவர் அவளிடம் ஏதோ கேட்க முயன்றார்.

“எங்க… மெஷின்… ஏடிஎம்… ஏடிஎம் மெஷின் போனியா?”

அவ்வளவு நீளமான கேள்வியை ஊருக்கு வந்த பிறகு அவர் கேட்டதே இல்லை. மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, யோசிக்காமல், சின்ன வயதிலிருந்து பழகிய அதே துடுக்கோடு சொன்னாள்.

“டபுள்! ஏடிஎம்லயே மெஷின் இருக்கு அத்தா. மெஷின் வேணாம்.”

அவர் நிறுத்திவிட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று சாப்பிடும்போதும் பேசவில்லை. மறுநாள் நான் காபியை நீட்டி, காபி, சூடான காபி, குடிக்கிற காபி என்று பயிற்சியில் சொன்னபடி சொல்லிப் பார்த்தேன். வாங்கிக் குடித்தார், டம்ளரை வைத்தார், அவ்வளவுதான். மகள் சமையலறையில் என் பின்னால் வந்து நின்று அழுதாள்.

“நான் வெளையாட்டுக்குத்தாம்மா சொன்னேன்.”

“தெரியும்.”

“அத்தாவுக்குத் தெரியுமா?”

டிபன் பாக்ஸை மூடி அவள் கையில் கொடுத்தேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத்தா, இன்னக்கி எனக்கு சைடு பக்கத்துல எடம் குடுத்துட்டாங்க. நான் நடு சென்டர்ல உக்காருறவ. லாஸ்ட் கடைசி பெஞ்சுல தள்ளிட்டாங்க. ஃபுல்லா முழுசா ஒண்ணுமே தெரியல.”

அவர் திரும்பவில்லை. அவள் விடவில்லை. கேலியாகச் சொல்கிற குரலில்லை அது. பள்ளிக்கூடத்து நியாயத்தை அப்பாவிடம் முறையிடுகிற குரல். சொல்லிக்கொண்டே போனாள். கேட்டு வாசலில் நின்ற வாட்ச்மேன், பின் பேக் சைடில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு வாக்கியத்திலும் எல்லாம் இரண்டிரண்டாக. நடுவில் ஒரு இடத்தில் அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

“லைட்டு… லைட்டு…” என்று நிறுத்தினாள்.

“வெளக்கு” என்றார் அவர், தெருவைப் பார்த்தபடியே.

“ஆமா அத்தா. லைட்டு வெளக்கு.”

“டபுள்” என்றார் அவர்.

மகள் அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது; சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இடது கையை அவள் தலையில் வைத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாருடைய வார்த்தையையும் அடிக்கவில்லை.

அலுவலகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் வைத்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றின் கையேடு அந்தச் சமயத்தில் வந்தது. நிறுத்துவதற்கு ஸ்டாப் பட்டனை அழுத்தவும், சிவப்பு நிறத்தில் உள்ள ஸ்டாப் பட்டன் என்று எழுதியிருந்தார்கள். எல்சிடி டிஸ்ப்ளே திரை என்றும் இருந்தது. ஒரே பொருளுக்கு மூன்று வார்த்தை. நான் எதையும் தொடாமல் அனுப்பிவிட்டேன். மேலாளர் கூப்பிட்டார்.

“மேடம், இத விட்டுட்டீங்க.”

“தெரிஞ்சுதான் சார் விட்டேன்.”

அவர் காத்திருந்தார். நான் சொன்னேன்.

“இந்த மெஷின வாங்குறது எங்க வீட்டு ஆளு மாதிரி இருக்குறவங்க சார். ஒரு வார்த்தை பிடிபடலன்னா அடுத்தது பிடிபடும். இது எதுவும் வேலை இல்லாத வார்த்தை இல்ல.”

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். இதற்குச் சம்பந்தமில்லாதது மாதிரி ஒன்றைச் சொன்னார்.

“எங்க அப்பா பண்ணையில வேலை பாத்தவரு மேடம். பண்ணைக்காரங்க கேட்டா ஒரு வார்த்தைல பதில் சொல்லிட்டு ஒதுங்கிக்கணும். ரெண்டாவது வார்த்தை வந்தா எதுத்துப் பேசுறான்னு ஆயிடும். அப்படியே பழகிட்டாரு. கடைசி வரைக்கும் எங்கள்ட்டயும் அப்படித்தான் பேசுனாரு. நான் படிச்சு வந்து, குறைச்சு எழுதுறதுதான் நல்ல எழுத்துன்னு வேலைல எனக்குச் சொல்லிக்குடுத்தப்ப அது ரொம்பச் சுலபமா இருந்துச்சு.”

பேனாவைத் திரும்பக் கையில் எடுத்தார்.

“நீங்க சொல்றது தப்புன்னு சொல்லல. க்ளையண்ட்ட கேக்குறேன்” என்றார்.

கேட்டார். நான் சொன்ன காரணத்தையும் சேர்த்தே எழுதிக் கேட்டார். எனக்கு அதைக் காட்டினார். எல்லாக் கையேடுகளுக்கும் விதி ஒன்றுதான், தயவுசெய்து நீக்கவும் என்று பதில் வந்தது. அவரே செய்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று நானே நீக்கினேன். திரை போயிற்று, டிஸ்ப்ளே போயிற்று, சிவப்பு நிறத்தில் நிறம் போயிற்று. அந்தக் கருவி பின்னாளில் எங்கள் ஊர் மருந்துக் கடையிலேயே விற்பனைக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கினோம். கையேட்டை நான் பிரிக்கவில்லை. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவருக்கு வாயால் சொல்லிக் கொடுத்தேன். இதுதான் ஸ்டாப் மச்சான், நிறுத்துற ஸ்டாப், சிவப்புக் கலரு.

வருஷங்கள் போயின. மாமியார் காலமானார். மகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போனாள். தினமும் போனில் கூப்பிடுகிறாள். என் கணவரின் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் கடைக்குப் போய் வேண்டியதைக் கேட்டு வாங்குவார். ஜும்மாவுக்குத் தனியாகப் போய் வருவார். கடைசியில் கோபப்படவும் முடிந்தது. ஒருநாள் என்னிடம் முழு வாக்கியமாகச் சத்தம் போட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போன வருஷம் வேதாரண்யத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். மன்னார்குடியில் பஸ் ஏறினோம். கண்டக்டர் அவரிடம்தான் வந்து நின்றார், நடைவழி ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்ததால்.

“எங்க பாய்?”

“ரெண்டு” என்றார் என் கணவர். “ரெண்டு டிக்கெட்டு.”

“எந்த ஊருக்கு?”

அவர் வாயைத் திறந்தார். வரவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

“உப்பு” என்றார் அவர். “உப்பு வெளையிற ஊரு. கடலு… கடக்கரை. பஸ்ஸு போயி நிக்கிற ஊரு.”

பின்னால் யாரோ டிக்கெட்டுக்காகக் குரல் கொடுத்தார்கள். கண்டக்டர் கையைக் காட்டி அவர்களை இருக்கச் சொன்னார்.

“வேதாரண்யமா பாய்?”

“ஆமா” என்றார் அவர். “வேதாரண்யம். வேதாரண்யந்தான்.”

கண்டக்டர் இரண்டு சீட்டைக் கிழித்து அவர் இடது கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார். அவர் அவற்றைச் சட்டைப் பையில் வைத்து, பையை மேலிருந்து ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. திருத்துறைப்பூண்டி தாண்டியதும் எங்கள் பக்கம் வெயில் அடித்தது. எழுந்து, இடது கையாலேயே என் ஜன்னலின் ஷட்டரை எட்டி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். பிறகு தூங்கிப்போனார்.